ஒரு பிடி கல்லறை மண்

கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அவர். கிரீஸ் ஊறிக் கறுத்த விரல்கள். இறுக்கிய ஒவ்வொரு நட்டையும், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல, இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பார்.

கப்பலில் அனுப்பி ஓமன் பாலைவனத்தில் ஓட்டுவதற்காக, என் பைக்கைத் தயார்செய்ய அவரிடம்தான் விட்டிருந்தேன். புது டியூப், ஏர் ஃபில்டர், தண்ணீர் கேன் மாட்டக் கம்பி என்று எல்லாம் முடித்தபின் ஒரு காப்பித்தூள் டப்பாவை நீட்டினார்.

"சாரே, வேலைக்குப் போன எனக்க மவன் அங்கதான் கிடக்கான். அடக்கினதுக்குப் பொறவுதான் எங்களுக்குச் சொன்னானுவ. பெட்டிமேல ஒரு பிடி மண்ணு போட எனக்குக் குடுத்து வைக்கல. இது நம்ம சபைக் கல்லறை மண்ணாக்கும். எனக்காக நீங்க போட்டிருங்க."

"அங்கேயும் மண்தானே?" என்றேன், அசட்டுத்தனமாக.

"அங்க உள்ளது மணலுல்லா. ஒரு காத்தடிச்சா போயிரும்."

புறப்படவிருந்த வாரம், என் இதயத்தைச் சோதித்த டாக்டர் பாலைவனப் பேச்சே கூடாது என்றுவிட்டார். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பயணம் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. என் கையில் வைத்தே மூடியை இறுக்கினார். இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"இருக்கட்டு சாரே. என்னைக்காவது போவியல்லா?"

இனி ஒருநாளும் பாலைவனம் போகாத அந்தப் பைக்கில், தண்ணீர் கேனுக்கென்று அவர் மாட்டிய கம்பியில், டப்பாவைக் கட்டிக்கொண்டேன்.