நாலாவது அட்டை

'ஒருங்கிணைப்பு' என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் அபிராமபுரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் டைப்பிஸ்ட். வெளிநாட்டிலிருந்து வரும் பால்பவுடரைக் கடலோரக் குப்பத்துக் குழந்தைகளுக்குக் கொடுப்பது எங்கள் வேலை. அனுப்பியவர்கள் மூன்று நாட்டுக்காரர்கள். ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு நிறத்தில் அட்டை, ஆளுக்கொரு தராசு. திங்கள், புதன், வெள்ளி காலை எட்டு மணிக்குத் தாய் குழந்தையோடு வந்து எடை போட்டுக் காட்டினால்தான் பவுடர். அதுவும் இரண்டு நாளைக்குத்தான் காணும். தொடர்ந்து இரண்டு வாரம் வராவிட்டால் பெயரை அடித்துவிட வேண்டும்.

எட்டு மணியாம், எட்டு மணி! கட்டுமரங்கள் கரையேறி, மணலில் மீன் ஏலம் போகிற நேரம் அது. குப்பத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அந்த மகானுபாவர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

அங்கே ஒரு மீன்காரி. புருஷன் கால் ஒடிந்து கிடந்தான். அவள் கூடை தூக்கினால்தான் அடுப்பு எரியும். குழந்தையோ நோஞ்சான். வரிசையில் நின்றால் ஏலம் போச்சு, ஏலத்துக்குப் போனால் பால் போச்சு.

ஒரு நாள் என் மேஜையைத் தட்டினாள். "இன்னாம்மா இது, வாரத்துல மூணு தபா கொயந்தய தராசுல தொங்க வுடுறீங்க? கண்ணு பட்டா யாரு சுத்திப் போடுறது? ஒரே நாளு, சாயங்காலமா குடுத்தா இன்னா கொறஞ்சி பூடுவீங்க?"

நியாயம்தானே! "நான் பேசி மாத்திக் காட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

கோபாலபுரத்தில் ஒரு பங்களாவில் மூன்று நாட்டுப் பிரதிநிதிகளும் கூடினார்கள். குறிப்பெடுக்கப் போன நான், யாரும் கேட்காமலே எழுந்து சொன்னேன்: ஒரே அட்டை, ஒரே நாள், மாலை நான்கு மணி. பிரமாதம் என்றார்கள். பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வந்தது. பிறகு, யாருடைய தராசு என்று கேள்வி எழுந்தது. ஒருவர் போட்ட எடையை மற்றவரின் தலைமை அலுவலகம் ஏற்காதாம். தராசுக்காக இரண்டு மணி நேரம் சண்டை. குழந்தை என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை, நான்தானே குறிப்பெடுத்தேன்.

கடைசியில் முடிவு செய்தார்கள். மூன்று அட்டைகளும் அப்படியே இருக்கும். அவற்றைச் சரிபார்க்கப் பொதுவாக ஒரு நாலாவது அட்டை, ஒரு பொதுத் தராசு. சனிக்கிழமை, காலை எட்டு மணி.

வாயைத் திறந்து கத்தியிருக்க வேண்டும். வெட்கங்கெட்டவள், அந்த அட்டையைப் பிழையில்லாமல் டைப் அடித்துக் கொடுத்தேன்.

மீன்காரி அதை வாங்கி விரல் விட்டு எண்ணினாள். "திங்கள், பொதன், வெள்ளி. இப்போ சனியும் சேத்துட்டியா? நல்லாப் பேசினம்மா நீ." நாலு அட்டைகளையும் என் மேஜைமேல் வைத்தாள். "அங்க ஏலம் போய்க்கினு கீது" என்று குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் வரவில்லை. ஒரு தராசுக்கு ஒத்துக்கொள்ளாத மூன்று பேரும், அவள் பெயரை அடிக்கச் சொல்லி ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சிவப்பு மையால் மூன்று பதிவேட்டிலும் அடித்தது இந்தக் கைதான்.

மறுநாள் எங்கள் அலுவலகத் தெருவில் "மீனு, மீனேய்" என்று அவள் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தலையில் கூடை, இடுப்பில் அந்தக் குழந்தை, எலும்பும் தோலுமாக. நான் ஜன்னலைச் சாத்தினேன்.