நீலச் சக்கரத்தின் மேல் கறுப்பு டியூப்

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். மற்ற நாளெல்லாம் வெள்ளிக்கிழமை போன்தான். விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு செல்போன் என்று வந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நானும் என் மகளும்தான். அவள் ஆறாம் வகுப்பு. நான் ஊருக்கு வெளியே இருந்த ஒரு செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். அச்சிலிருந்து எடுத்த ஈரச் சாமான்களின் ஓரத்தைக் கத்தியால் சீவி, ஸ்பாஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்புவது என் வேலை.

ஒருநாள் மகள் ஸ்கூலிலிருந்து வந்ததும் வராததுமாக, பேட்டரி இல்லாமல் தானாக ஓடுகிற வண்டி ஒன்று செய்ய வேண்டும் என்றாள். அறிவியல் கண்காட்சியாம். ரப்பர் பேண்டில் ஓட்டலாம் என்று டீச்சர் போர்டில் படம் போட்டுக் காட்டியிருந்தார். யார் வண்டி அதிக தூரம் ஓடுகிறதோ அவர்களுக்குப் பரிசு.

"உனக்குத் தெரியுமாம்மா?" என்றாள்.

"தெரியாம என்னா. இது என்னா பெரிய கம்பசூத்திரமா?" என்றேன். தெரியாதுதான். ஆனால் அவளிடம் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியை வெட்டி உடம்பு செய்தோம். உடைந்த குடையின் கம்பியை அச்சாணியாக்கினோம். கம்பி தடையில்லாமல் சுற்ற, மை தீர்ந்த பேனாக் குழாய்களை நறுக்கி அதற்குள் விட்டோம். ரப்பர் பேண்டின் ஒரு முனையை முன்பக்கம் ஓர் ஆணியில் மாட்டி, மறுமுனையைப் பின்கம்பியில் முடிச்சுப் போட்டுக் கட்டினேன். நழுவிவிடக் கூடாது என்று நன்றாக இறுக்கியே கட்டினேன். சக்கரத்துக்கு மகள் பாட்டில் மூடி போதும் என்றாள். எனக்கு மனசு வரவில்லை. பீங்கான் ஊரில் இருந்துகொண்டு பாட்டில் மூடியா?

கம்பெனியில் சூப்பர்வைசரைக் கேட்டு மீந்த மண்ணில் நான்கு வட்டம் வெட்டினேன். சூளையில் மண் சுருங்கும் என்பதால் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். சாமான் பளபளக்க முக்கி எடுக்கும் கிளேஸ் தொட்டியில் நின்ற அக்காவைக் கெஞ்சி, ஜாடிகளுக்குப் போடும் நீலத்தில் முக்கி எடுத்தேன். சூளைத் தட்டில் ஒட்டாமல் இருக்க அடிப்பக்கம் மட்டும் துடைத்துவிட்டேன். வெந்து வந்தபோது நானே அசந்துபோனேன். வழவழவென்று, மயில் கழுத்து நிறத்தில் நான்கு சக்கரங்கள். மகள் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு படுக்கையில் கூட உருட்டிப் பார்த்தாள். பசை வைத்துக் கம்பியில் பொருத்தினோம்.

வண்டியைக் கூடத்துச் சிமெண்டுத் தரையில் வைத்துச் சக்கரத்தைப் பின்னுக்குச் சுற்றி விட்டேன். சக்கரம் கிர்ரென்று சுற்றியது. வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி விட்டேன். மறுபடியும் கிர்ர். என் கிளேஸ் தரையைப் பிடிக்கவே இல்லை.

"நீ செஞ்சா இப்டித்தாம்மா இருக்கும்!" என்று அவள் வண்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

"நீயுந்தானடி கூட சேந்து செஞ்ச?"

"சக்கரம் நீ செஞ்சதுதான!" அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் தோசை ஊற்றியதும் வந்து உட்கார்ந்து தின்றாள்.

அந்த வாரமே அவர் லீவில் வந்தார். பெட்டிகளோடு வாசலில் ஆட்டோ நின்றதும் மகள் கதவுத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "வாங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். அவர் கையை நீட்டினார். அவள் வரவில்லை. பாவம் மனுஷன், ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம். நான் ஒண்டியாக வளர்த்த பிள்ளை, சோப்புக்கும் சாக்லேட்டுக்கும் ஒட்டிக்கொண்டுவிடுமா என்ன?

அவர் அவளுக்கென்று ஒரு ரிமோட் கார் கொண்டுவந்திருந்தார். சிவப்பு கலர், கதவெல்லாம் திறக்கும். அவள் "தேங்க்ஸ்ப்பா" என்று வாங்கி, கொஞ்சநேரம் ஓட்டிவிட்டு, திரும்ப டப்பாவில் போட்டு மூடி பீரோ மேல் வைத்தாள். பக்கத்து வீட்டார் கொடுத்த பலகாரத்தை வாங்கி வைப்பது போல வைத்தாள். அவர் அதோடு விட்டிருக்கலாம்.

மறுநாள் அவர் செருப்பைத் தேடிக் கட்டிலுக்கடியில் குனிந்தார். செருப்போடு எங்கள் வண்டியும் வந்தது. "இது யாரு செஞ்சது?" என்று கேட்டுவிட்டு அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சுற்றினார், விட்டார், பார்த்தார். எழுந்து போய்ச் சைக்கிளின் பழைய டியூபைக் கொண்டுவந்து மெல்லிய பட்டைகளாக வெட்டினார். அறைக்குள் இருந்த மகள் திரையை விலக்கிக் கதவுக்கு வந்தாள். அவர் பட்டையை ஒரு சக்கரத்தின் மேல் இழுத்து மாட்டினார். அவள் கதவிலிருந்து கட்டிலுக்கு வந்தாள். "இன்னொன்னு நீ மாட்டு பாப்போம்" என்று அவர் சொன்னதும் அவள் அவர் முழங்காலோடு முழங்கால் ஒட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் அடுப்படியில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். என் நீலம் முழுக்கக் கறுப்பு டியூபுக்குள் போய்விட்டது. ரிமோட் காருக்கு அவள் மயங்கியிருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அது கடைச் சாமான். இது என் அட்டை, என் குடைக்கம்பி, என் சூளையில் வெந்த சக்கரம். இதில் வந்து அவர் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வண்டி இப்போது ஓடியது. கூடத்தில் பாதி தூரம் போய், வெடுக்கென்று நின்று, கொஞ்சம் பின்னாலும் வந்தது. அவர் அதைத் தூக்கிப் பின்கம்பியைப் பார்த்தார்.

"இங்க முடிச்சு போட்டு கட்டியிருக்குது பாரு. ரப்பரு அவுந்து முடிஞ்சதும் எதிர்ப்பக்கமா சுத்திக்குது. அதான் வண்டிய இழுத்து நிறுத்துது. கட்டக் கூடாது. கொக்கியில சும்மா மாட்டிவுடணும். வேல முடிஞ்சதும் ரப்பரு அதுவா வுட்டுட்டுப் போயிடும், வண்டி பாட்டுக்கு ஓடும்."

"வுட்டுட்டுப் போறதுக்கு உங்களுக்குச் சொல்லியா தரணும்?" என்றேன் அடுப்படியிலிருந்து. வாய் முந்திக்கொண்டது.

அவர் என் முடிச்சைப் பிளேடால் அறுத்தார். குண்டூசியை வளைத்துக் கம்பியில் நூலால் கட்டிக் கொக்கியாக்கினார். ரப்பர் பேண்டைக் கொக்கியில் மாட்டி மகளையே சுற்றச் சொன்னார். வண்டி கூடத்தைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, தெருவில் இறங்கிக் கவிழ்ந்தது. "அப்பா!" என்று அவள் கத்தின கத்தல் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். என்னைப் பெருமையாக அவள் அப்படிக் கூப்பிட்ட நாள் ஒன்றாவது நினைவுக்கு வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

கண்காட்சிக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். ஸ்கூல் ஹாலில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார்கள். ஒரு பையனின் வண்டி மட்டும் இவளுடையதைத் தாண்டியது. இரண்டாவது பரிசு, ஒரு டிபன் பாக்ஸ். டீச்சர் வண்டியைக் கையில் எடுத்து, "யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"எங்கப்பா டீச்சர். மஸ்கட்லேருந்து வந்து செஞ்சி குடுத்தாங்க."

என்னவோ இதற்கென்றே ஏரோபிளேன் ஏறி வந்தவர் மாதிரி. நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். சூளைச் சூட்டில் நின்று காத்திருந்து வாங்கி வந்தவள் நான். அவர்தான் குறுக்கே வந்து, "சக்கரம் அவங்கம்மா செஞ்சதுங்க டீச்சர்" என்றார். அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். நல்லவரை என்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும், தலைக்கு எண்ணெய் வைக்க வா என்று மகளைக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்தேன். சீப்பை வீசினாள்.

"போடி, உங்கப்பன் கூடவே மஸ்கட்டுக்குப் போயிடு!"

"போறேன்! நீ மட்டும் தனியா கெட!" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து என் மடியில் தலையை வைத்து, "பசிக்குதும்மா" என்றாள். நான் எண்ணெயும் வைத்து, சோறும் ஊட்டினேன். எங்கள் வீட்டில் இது தினப்படி நடப்பு. அவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, பேப்பரைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையை வளர்த்திருக்கும் லட்சணத்தைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

லீவு முடிந்தது. விருத்தாசலம் ஜங்ஷனில் மெட்ராஸ் போகும் ரயிலுக்கு நின்றோம். அடுத்த தீபாவளிக்கு எப்படியாவது லீவு கேட்டு வந்துவிடுகிறேன் என்று மகளிடம் சொன்னார். அவள் அழவில்லை. "பத்தரமா போயிட்டு வாங்கப்பா. நேரத்துக்கு சாப்புடுங்க" என்றாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டில் நிரப்பக் குழாயடிக்குப் போனாள்.

அவர் அவள் போவதையே பார்த்தார். "உன்னப் பாத்தா எனக்கு வயிறு எரியுது" என்றார்.

"என்னயா?" எனக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. "வண்டி உங்களுது. பேரும் உங்களுது. என்னப் பாத்தா எரியுது?"

"வந்ததுலேருந்து ஒருநாள் எங்கிட்ட சண்ட போட்டிருக்குறாளா? கோவப்பட்டிருக்குறாளா? சொன்ன சொல்லு கேக்குறா. தேங்க்ஸ் சொல்றா. விருந்தாளிய பாத்துக்குற மாதிரி பாத்துக்குறா. உங்கிட்ட சீப்ப வீசுனா பாரு, அன்னிக்கி எனக்குத் தூக்கமே இல்ல."

ரயில் வந்துவிட்டது. ஏறிக்கொண்டார். புருஷன் பிரிந்து போகிற நேரத்தில் அழ வேண்டியவள் நான். அழுதேன்தான். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில் என் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அவளுடைய கோபம் மொத்தமும் எனக்கு. வீசுகிற சீப்பும் சாத்துகிற கதவும் எனக்கு. வண்டியை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

கோடை வந்தது. எங்கள் ஊர் வெயிலில் ரப்பர் பேண்டு காய்ந்து, ஒருநாள் சுற்றும்போதே அறுந்துவிட்டது. நான் வேறு ஒன்று மாட்டித் தருகிறேன் என்றேன். "வேணாம். அப்பா வந்து மாட்டட்டும்" என்று வண்டியை ரிமோட் கார் பக்கத்தில் பீரோ மேல் வைத்தாள். எனக்குச் சுருக்கென்றது. ரப்பர் பேண்டு மாட்டக் கூடவா மஸ்கட்டிலிருந்து ஆள் வர வேண்டும்? ஆனால் வெள்ளிக்கிழமை போனில் அவர் கேட்டபோது, "நல்லா ஓடுதுப்பா" என்றாள். அவர் மனம் நோகக் கூடாது என்று அவ்வளவு கவனம். என்னிடம் அந்தக் கவனம் கிடையாது. சாம்பாரில் உப்பு ஒரு துளி கூடினாலும் தட்டைத் தள்ளுவாள். தள்ளட்டும் என்று நானும் சந்தோஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தீபாவளி நெருங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் போன் செய்தார். லீவு கிடைக்கவில்லை என்றார். வர முடியாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். நான் மகளிடம் திரும்பி விஷயத்தைச் சொன்னேன். அவள் செல்லை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நீ வரமாட்டன்னு எனக்குத் தெரியும்! பொய்யி! எல்லாம் பொய்யி! உன் வண்டி எப்பவோ அறுந்து போச்சு, தெரியுமா உனக்கு? நீ மாட்டுனது ஒண்ணும் நிக்கல! இனிமே எங்கிட்ட பேசாத, போ!"

செல்லைக் கட்டிலில் வீசிவிட்டு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது.

நான் செல்லை எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"என்னத் திட்டுறாடி" என்றார். "கேட்டியா? என்னத் திட்டிட்டா!" அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தீபாவளிக்கு வர முடியாத மனுஷன் குரல் மாதிரியே இல்லை அது.

எனக்கு வயிற்றில் நெருப்பைக் கொட்டினது போல இருந்தது. ஸ்டேஷனில் அவர் ஏங்கிச் சொன்னது அவளுடைய அந்தக் கோபம் ஒன்றைத்தான். எனக்கென்று மிச்சம் இருந்ததும் அது ஒன்றுதான். அதிலும் பங்கு வாங்கிக்கொண்டார், அத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு.

"அவகிட்ட குடேன். இன்னுங் கொஞ்சம் திட்டட்டும்" என்றார்.

நான் சாத்தியிருந்த கதவைப் பார்த்தேன். உள்ளே அவள் விசும்புவது கேட்டது. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள்.

"செல்லுல சார்ஜு இல்லீங்க. அடுத்த வெள்ளிக்கெழம பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

செல்லில் சார்ஜ் நிறையவே இருந்தது.