வாடகை நாற்காலியில் ஒரு மன்றம்

கணவரின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கித் தன் மூக்கின் பாதியில் நிறுத்திக்கொண்டு, அதற்கு மேலாகப் பார்த்து, “நிதி இல்லைங்களே” என்கிறார் அம்சவள்ளி. குரல் அவருடையது அல்ல. ஓர் அலுவலருடையது. காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லிக் களைத்துப்போய், இனி வரப்போகிறவருக்கும் அதையே சொல்லக் கொஞ்சம் தெம்பை மிச்சம் வைத்திருக்கிற குரல்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவருடைய கட்சியின் ஐந்து கவுன்சிலர்கள். நாளைக்குப் பேரூராட்சி மன்றக் கூட்டம். இன்றைக்கு ஒத்திகை.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலையடிவாரம் போகும் சாலையோரத்தில் இருக்கிறது அந்தத் தகரக் கொட்டகை. ‘அம்சா வாடகை நிலையம்’ என்று பலகை சொல்லும். உள்ளே சாமியானா துணி மூட்டைகள், பிரியாணி அண்டாக்கள், கூரையைத் தொட அடுக்கிய நாற்காலிகள். நடுவில் கல்யாண மேடைக்குப் போகிற சிவப்பு வெல்வெட் ராஜா சேர். ஒத்திகையில் அதுதான் பேரூராட்சித் தலைவரின் இருக்கை. கைப்பிடிகளில் இரண்டு தங்கநிறச் சிங்கங்கள். ஒன்றின் மூக்கை ஏதோ ஒரு வரவேற்பில் மாப்பிள்ளைத் தோழர்கள் உடைத்துவிட்டார்கள். “ஒட்ட வைக்கலியா?” என்று கேட்டால், “இருக்கட்டும். நம்ம சேர்மன் மாதிரியே இருக்குது” என்கிறார்.

கட்சியில் அவர் பேரூர் துணைச் செயலாளர். பெண்களுக்கென்று ஒதுக்கிய பதவி. மேடையில் கடைசி நாற்காலி தருவார்கள். அந்த நாற்காலியும் பெரும்பாலும் அவர் கடையிலிருந்து போனதாகத்தான் இருக்கும்.

கவுன்சிலர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை. தேர்தலில் ஜெயித்த ஐந்து பேரும் முதல் கூட்டம் முடிந்து சால்வையோடு திரும்பியபோது, “உள்ள இன்னா நடந்துச்சு?” என்று கேட்டிருக்கிறார். ஐவரில் இளையவரான கலையரசன் யோசித்துப் பார்த்துவிட்டு, “டீ நல்லா இருந்துச்சுக்கா” என்றாராம். அடுத்த மாதமே ஒத்திகைக்காக ராஜா சேரின் உறையைக் கழற்றிவிட்டார் அம்சவள்ளி.

இத்தனை பேரையும் நடித்துக் காட்ட அவருக்கு எங்கிருந்து வந்தது? தொழிலிலிருந்துதான். நாற்காலி வாடகைக்கு விட்டவர் கூட்டம் முடியும்வரை காத்திருந்து எண்ணி எடுத்துக்கொண்டு வர வேண்டும். பேச வந்த தலைவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். கேட்க வந்தவர்கள் பிரியாணிப் பொட்டலத்தோடு கிளம்பிவிடுவார்கள். நன்றியுரை வரைக்கும் இருப்பவர் அம்சவள்ளி ஒருவர்தான். எல்லாக் கட்சிக் கூட்டங்களையும், எல்லா அரசு முகாம்களையும் கடைசி வார்த்தை வரை கேட்ட ஒரே ஆள் இந்த வட்டாரத்தில் அவராகத்தான் இருக்க வேண்டும். எதிர்க் கட்சிக்கும் நாற்காலி தருவீர்களா என்றால் சிரிக்கிறார். “சேருக்கு ஏது கட்சி? சேருகாரிக்குத்தான் கட்சி.”

பொழுது விடிவதற்குள் கவுன்சிலர்களின் கைப்பேசிகளில் அவர் குரல் வந்து விழுந்துவிடும். கூட்டத்துக்கான பொருள் பட்டியல் வந்துவிட்டால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குரல் செய்தி. “ஏழாவது பொருளு மோட்டார் ரிப்பேரு. போன மாசமும் இதே மோட்டாருதான். நம்ம வூட்டுல ஒரு மோட்டாரு இத்தினி வாட்டி படுத்துதுன்னா ஆத்துல தூக்கிப் போட்டிருப்போமா மாட்டோமா? எந்திரிச்சிக் கேளுங்க.” பின்னணியில் அண்டா உருளும் சத்தம். “யோவ், மெதுவா உருட்டுய்யா!” இந்தக் கடைசி வாக்கியமும் செய்தியோடு போய்விடும். அது வெங்கடேசனுக்கு, அதாவது கணவருக்கு.

மலைமேல் இருக்கிற ஒன்றியக் கவுன்சிலர்களும் அவரை விடுவதில்லை. ஒருமுறை வெள்ளிமலைக்குத் திருவிழாப் பந்தல் ஏற்றிப் போகும்போது அங்கிருந்து ஒரு கவுன்சிலர் ஏதோ சந்தேகம் கேட்டிருக்கிறார். மலைப்பாதையில் சிக்னல் வளைவுக்கு வளைவு வந்து வந்து போகும். ஒரு வளைவில் கேள்வி, அடுத்த வளைவில் பதில், அதற்கடுத்த வளைவில் “இன்னாக்கா சொன்னே?” பாடம் முடிவதற்குள் வண்டி வெள்ளிமலைக்கே போய்விட்டது. கவுன்சிலர் பந்தல் இறக்குகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று போனிலேயே பேசி முடித்தார்கள்.

நான் போயிருந்த ஒத்திகை பெரியம்மாளுக்காக. ஐந்து பேரில் அவர் ஒருவர்தான் மன்றத்தில் இதுவரை வாய் திறக்காதவர். கரும்பு வெட்டுகிறவர். கரும்புக் கொல்லையின் அந்தக் கோடியில் நிற்கிற டிராக்டர்காரரை இந்தக் கோடியிலிருந்து கூப்பிடும் குரல், மன்றத்துக்குள் நுழைந்தால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது.

அவர் தெருவுக்கும் சாலைக்கும் நடுவே ஓர் ஓடை. மழை வந்தால் ஆம்புலன்ஸ் இந்தக் கரையிலேயே நின்றுவிடும். போன ஐப்பசியில் மருமகள் ஷாலினிக்கு வலி எடுத்தபோது, வளைகாப்புக்கு எடுத்து இன்னும் திருப்பித் தராமலிருந்த வாடகை நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினார்கள். நாற்காலியின் ஒரு கால் முறிந்து தண்ணீரோடு போய்விட்டது. குழந்தை பத்திரமாகப் பிறந்தது. அந்த மூன்று கால் நாற்காலி இப்போது கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. யாராவது விசாரித்தால், “அது வாடகைக்கு இல்ல, சாட்சிக்கு” என்பார் அம்சவள்ளி. தெருவில் இன்னும் இரண்டு பெண்கள் இப்போது மாசமாக இருக்கிறார்கள். மழைக்கு முன் சிறுபாலம் வர வேண்டுமென்றால் இந்த மாதத் தீர்மானத்தில் ஏறியாக வேண்டும்.

வேடிக்கை பார்க்கப் போனவனையும் அவர் சும்மா விடவில்லை. எனக்கு ஆளுங்கட்சி உறுப்பினர் வேடம். “நீங்க ஒண்ணும் பேச வாணாம். ஆமா ஆமான்னு தலையாட்டிகினு இருங்க.”

பெரியம்மாள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “ஐயா, எங்க தெரு ஓடைக்கு ஒரு பாலம்…”

“நிதி இல்லைங்களே.”

பெரியம்மாள் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாம்மா ஒக்காந்துட்ட?” கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அம்சவள்ளியின் சொந்தக் குரல் எகிறியது.

“இல்லன்னு சொல்றாங்களேக்கா.”

“அது ‘இல்ல’ இல்லம்மா. அவங்க வணக்கம் சொல்றது அப்படி. எந்திரி!”

எழுந்தார். மறுபடி நிதி இல்லை. மறுபடி எழுந்தார். “அது ஹைவேஸ் எடம்.” “எழுதிக் குடுங்க.” “அடுத்த மன்றத்துல பாக்கலாம்.” ஒவ்வொரு மறுப்புக்கும் அம்சவள்ளி ஒரு பதில் சொல்லிக் கொடுத்தார். வாங்கி வாங்கிப் பெரியம்மாளுக்குச் சூடு ஏறியது. கடைசியாக அம்சவள்ளி கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கி, “அது வேற டிபார்ட்மெண்ட் ஓடைம்மா, எங்களுக்கு அதிகாரம் இல்ல” என்றதும், யாரும் சொல்லிக் கொடுக்காத பதில் வந்தது.

“ஓட அவங்களுது. அதுல நனையற காலு யாருதுங்க?”

கலையரசன் விசிலடித்தார். தலையாட்ட வேண்டிய நான் கைதட்டிவிட்டேன். “யாரு கட்சி நீங்க?” என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்சவள்ளி கண்ணாடியைக் கழற்றினார். “இப்பிடிக் கேட்டா எனக்கே குடுத்துடலாம்னு தோணுது.”

வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வெங்கடேசன், “கழட்டிட்டேல்ல? குடு. பேப்பர் படிக்கணும்” என்றார்.

“இருய்யா, இன்னும் ஒரு பாடம் இருக்குது.” கடைசிப் பாடம் கடைசி ஆயுதம். எதுவும் எடுபடாவிட்டால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். “தரையில ஒக்காந்துட்ட பொம்பளய எந்தச் சேர்மனும் கெளப்ப முடியாது.” ஐந்து பேரும் உட்கார்ந்து பழகினார்கள். கலையரசன் மட்டும் தன் வெள்ளை வேட்டிக்குக் கீழே கைக்குட்டையை விரித்துக்கொண்டார்.

கிளம்பும்போது பெரியம்மாள் செயல் அலுவலரைப் பற்றிக் கேட்டார்: “ஈ.ஓ. மாறிட்டாராமேக்கா? புதுசா ஒரு அம்மா வந்துகிறாங்களாம்.”

“ஆளு மாறும். கண்ணாடி மாறாது.”

மன்றத்துக்குள் போக அம்சவள்ளிக்கு வேலை இல்லை. ஆனால் கூட்ட நாளன்று பேரூராட்சி அலுவலக வராந்தாவில் அவருக்கு எப்போதும் ஏதாவது வேலை இருக்கும். முன்பு ஏதோ முகாமுக்கு விட்ட நாற்காலிகளில் சில அங்கே தங்கிவிடுகின்றன. அவற்றை எடுத்துப் போக வருவார். ஒவ்வொன்றாகத்தான் எடுப்பார். ஒவ்வொரு நடையும் சன்னலோரமாகத்தான். மறுநாள் என் கையிலும் ஒரு நாற்காலியைக் கொடுத்தார். சும்மா நின்றால் சந்தேகப்படுவார்களாம்.

சன்னல் வழியே பார்த்தோம். பெரியம்மாள் எழுந்தார். முந்தானையைச் செருகினார். கரும்புக் கொல்லைக் குரல் வந்துவிட்டது. “ஐயா! எங்க தெரு ஓடைக்கு ஒரு பாலம் வேணும்!”

புதிய செயல் அலுவலர் சின்னப் பெண். கண்ணாடியே போடவில்லை. “நேத்துதான் நானே போய்ப் பார்த்துட்டு வந்தேம்மா. கண்டிப்பா செஞ்சிடலாம்” என்றார்.

பெரியம்மாள் நின்றார். கொட்டகையில் இதை யாரும் அவரிடம் சொன்னதே இல்லை. தெரிந்ததை எடுத்துவிட்டார்.

“நிதி இல்லன்னு மட்டும் சொல்லக்கூடாது!”

“நிதி இருக்கும்மா.”

“ஹைவேஸ் எடம்னும் சொல்லக்கூடாது!”

“சொல்லலீங்களே.”

“எழுதிக் குடுங்கன்னா, போன மாசமே குடுத்தாச்சி!”

“ஆமாம்மா, கையில வச்சிருக்கேன். நல்லா எழுதியிருக்கீங்க.”

“ஓட அவங்களுது! அதுல நனையற காலு யாருதுங்க?” என்று மேசையில் ஓங்கி ஓர் அடி. தண்ணீர் பாட்டில் ஒன்று விழுந்து தலைவரின் மடியை நனைத்தது.

வராந்தாவில் அம்சவள்ளி நாற்காலியும் கையுமாகத் துடித்தார். “ஐயோ, குடுத்துட்டாங்கம்மா! குடுத்துட்டாங்க!” உதடு அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. உள்ளே தலைவர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். “இன்னாம்மா இது, செய்யறேன்னு சொன்ன ஆபீசருகிட்டயே சண்டையா? எழுதாதீங்கம்மா. இந்தப் பொருள ஒத்தி வையுங்க. அடுத்த மன்றத்துல பாக்கலாம்.”

ஒத்தி வைத்தால் மழை வந்துவிடும்.

அம்சவள்ளி சன்னலுக்கு நேரே நாற்காலியைப் போட்டார். பெரியம்மாள் திரும்பிப் பார்க்கும்வரை கையை ஆட்டினார். பார்த்ததும், பேசாமல் உன் இடத்தில் உட்கார் என்பதற்காக, தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து காட்டினார். ஒருமுறையில் புரியாமல் போய்விடப் போகிறதே என்று எழுந்து மறுபடியும் உட்கார்ந்தார்.

பெரியம்மாளின் முகம் தெளிந்தது. கடைசிப் பாடம். மன்றத்தின் நடுவே போய்ச் சப்பணமிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதைப் பார்த்து, ஒத்திகைக்கு வந்த மற்ற மூன்று பேரும் உடனே தரையில் இறங்கினார்கள். கலையரசன் கைக்குட்டையை விரித்தார், உட்கார்ந்தார், கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். அம்சவள்ளி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“யம்மா, எந்திரிம்மா! ஃபோட்டோ எடுக்கிறான் பாரு!” தலைவர் நனைந்த இடத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டார். “பாலந்தான? போட்டுடலாம்! எழுதுங்கம்மா, ஏகமனதா நிறைவேறிச்சின்னு எழுதுங்க!”

செயல் அலுவலர் தலை நிமிராமல் எழுதினார். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

பெரியம்மாள் வியர்வையோடு வராந்தாவுக்கு வந்தார். “குடுத்துட்டாங்களாக்கா?”

“குடுத்துட்டாங்க.”

“எப்போ?”

“மொதல்லியே.”

“அப்ப நான் இவ்ளோ நேரம் யாருகிட்ட சண்ட போட்டேன்?”

“எங்கிட்டதான்.”

இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பொது மக்கள் குறைதீர்க்கும் பெட்டி ஆடும் அளவுக்குச் சிரித்தார்கள். பெரியம்மாள்தான் முதலில் நிறுத்தினார். “செஞ்சிடலாம்னு சொன்னா பதிலுக்கு இன்னாக்கா சொல்லணும்?”

கடைசி வார்த்தை வரை இருந்த எந்தக் கூட்டத்திலும் அம்சவள்ளி அதைக் கேட்டதில்லை. மூக்கில் இல்லாத கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, “அடுத்த மன்றத்துல பாக்கலாம்” என்றார்.

வெங்கடேசன் வண்டியில் நாற்காலிகளை ஏற்றி முடித்துவிட்டு எண்ணிப் பார்த்தார். “ஏய், ஒண்ணு கொறயுதே?”

“சரியா எண்ணுய்யா” என்றபடி அம்சவள்ளி, சன்னலுக்கு நேரே கிடந்த நாற்காலியைக் காலால் மெல்லத் தள்ளி, அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு வண்டியில் ஏறினார்.