பேரி மரப் புகையும் என் மூக்கும்

புதன்கிழமை காலை ஆறே கால் மணி. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் வண்டியில் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு ஒன்பது ரூபாய். தூரம் தொண்ணூற்று ஐந்து கிலோமீட்டர்ச் சொச்சம். மே மாதம் மலையேறுகிறவர்கள் கையில் ஸ்வெட்டரும் தொப்பியும் இருக்கும். என் மனைவி செல்வத்தின் மடியில் இருந்த கூடைக்குள் ஏழு கண்ணாடிப் புட்டிகள் இருந்தன. மிளகுப்பொடி, மிளகாய்ப்பொடி, சீரகம், நாட்டுச்சர்க்கரை, இன்னும் என்னென்னவோ. இது எண்பத்து நான்காம் வருடத்துச் சங்கதி.

கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வைத்தியத்துக்குப் போறீகளா?" என்று கேட்டார்.

"சமையல் போட்டிக்குங்க" என்றாள் செல்வம்.

"கொடைக்கானல்ல போயா? உள்ளூர்ல திங்கிறதுக்கு ஆள் இல்லையாக்கும்!" என்று சிரித்தபடி டிக்கெட்டைக் கிழித்தார்.

கேலி போகட்டும்; விஷயம் கேலியானது அல்ல. கார்த்திகையில் செல்வத்துக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்தி எடுத்துவிட்டுப் போனபோது அவளுடைய மூக்கின் வாசனையையும் கையோடு கொண்டுபோய்விட்டது. உப்பு, புளிப்பு, உறைப்பு எல்லாம் நாக்குக்குத் தெரியும். வாசனை மட்டும் துளியும் கிடையாது. பெருங்காயமும் சுண்ணாம்பும் அவளுக்கு ஒன்றுதான். "வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பாடிக்கொண்டே சமைக்கிறவள் ஆறு மாதமாகச் சமையலறையில் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் சொன்னாள்: "அக்கா ஊர்ல ஒரு போட்டி வச்சிருக்காகளாம். அதுல ஒழுங்கா ஒண்ணு செஞ்சு பாக்குறேன். வரலைன்னா சமையலுக்கு ஆள் வச்சிருவோம்." சொன்னதோடு நிற்காமல், எங்கள் தெருவில் சமையல் வேலைக்குப் போகும் ஓர் அம்மாளிடம் பேசி, திரும்பி வந்த மறுநாள் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியும் வைத்துவிட்டாள். மூக்கு விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். கூடப் பிறந்த அக்காவிடம்கூட மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு.

வத்தலக்குண்டில் இட்லி. காட்ரோட்டில் மலை தொடங்கியது. டம்டம் பாறையில் எல்லோரும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து அருவியைப் பார்த்தார்கள். ஊத்து என்ற ஊரில் பத்து நிமிடம் நிறுத்தம், முப்பது பைசாவுக்கு டீ. பெருமாள்மலை தாண்டியதும் குளிர்காற்றோடு சுகமாக ஒரு வாசனை வண்டிக்குள் வந்தது. நான் மூச்சை இழுத்ததைச் செல்வம் பார்த்துவிட்டாள்.

"என்ன வாசனைங்க?"

"நல்ல வாசனை" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா. எந்த நிலத்துக்கும் நாற்பக்க எல்லையைப் பிசகில்லாமல் எழுதிவிடுவேன். வாசனைக்கு எல்லை எழுதச் சொன்னால் நான் எங்கே போவேன்?

பத்தரை மணிக்குக் கொடைக்கானல். நாயுடுபுரத்துக்கு ஜீப் எட்டு ரூபாய். செல்வத்தின் அக்கா ஸ்டெல்லா ஒரு மருத்துவமனையில் ஆயா வேலை பார்க்கிறார். அவர் கணவர் அந்தோணி அண்ணன் ஒரு பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரர்களுக்குத் தலைவர். வெள்ளைக்கார வாத்தியார்கள் வீட்டுப் பின்கட்டில் கறி வாட்டுவதைப் பல வருடம் பக்கத்தில் நின்று பார்த்து, தானும் ஓர் எண்ணெய்ப் பீப்பாயைக் குறுக்காக அறுத்து, கம்பித் தட்டு போட்டு, கீல் வைத்த மூடியோடு வீட்டுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்.

"இது அவசரக்காரன் சோலி இல்ல சகல" என்று எனக்கு விளக்கினார். "நெருப்பு இந்த ஓரம், கறி அந்த ஓரம். தீ கறியத் தொடக்கூடாது. சூடும் பொகையும்தான் வேகவைக்கும். ஆறு ஏழு மணி நேரம். வெரசா வேணும்னா ஓட்டல்ல போயித் திங்கணும்."

போட்டி சனிக்கிழமை மதியம், மாதா கோயில் மைதானத்தில். கோயில் கூரை வேலைக்குப் பணம் சேர்க்கிறார்களாம். புகையில் வாட்டிய கறி மட்டும். வீட்டில் சமைப்பவர்கள் மட்டும், ஓட்டல்காரர்கள் வரக்கூடாது. கட்டணம் ஐந்து ரூபாய்.

வியாழக்கிழமை ஒத்திகை. அக்காவும் அண்ணனும் காலை ஏழரைக்கே வேலைக்குப் போய்விட்டார்கள். செல்வம் ஒரு கிலோ பன்றிக்கறிக்கு மசாலா தடவி வைத்திருந்தாள். விறகு வாங்கும் பொறுப்பு என்னுடையது. கடையில் இரண்டு குவியல் கிடந்தன. ஒன்று ஈரம், இன்னொன்று காய்ந்து வெளுத்து, பார்க்கவே லட்சணமாக இருந்தது.

"இது நல்லா எரியுமா?"

"தீக்குச்சியக் காட்டுனாப் போதும் சார், குப்புன்னு பிடிச்சுக்கும்" என்றார் விறகுக்காரர். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஒரு கட்டு மூன்று ரூபாய்.

பீப்பாயில் புகை எழும்பியபோது, பெருமாள்மலையில் வந்த அதே வாசனை வந்தது. கொடைக்கானலே இப்படித்தான் மணக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு குளிருக்கு இதமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குச் செல்வம் கறியை இறக்கினாள். மேலே செம்பழுப்பில் மினுமினுப்பு. கத்தி வைத்தால் நழுவியது. ஒரு துண்டை என் வாயில் போட்டாள்.

ஐயோ. ஜலதோஷத்துக்கு மார்பில் தேய்க்கிற தைலத்தை ஒரு கரண்டி விழுங்கினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. தொண்டை திகுதிகுவென்றது. செல்வம் இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"நல்லாருக்கு" என்றேன்.

பத்தொன்பது வருடமாகச் சாப்பாட்டைப் பற்றி நான் சொல்லும் ஒரே வார்த்தை அது. பழக்கத்தில் வந்துவிட்டது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே, ஆமாம், பாடிக்கொண்டே, ஒரு தட்டில் பத்துத் துண்டுகளை அடுக்கி, "பக்கத்து வீட்டம்மாவுக்குக் குடுத்துட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினாள். வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். செல்வம் படலைத் தொட்டுவிட்டாள்.

நான் ஓடினேன். நாற்பத்தாறு வயதில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"குடுக்காத செல்வம். நல்லா இல்ல. தைலம் தைலமா வீசுது. வாயில வைக்க முடியல."

தட்டோடு அப்படியே நின்றாள். பிறகு திரும்பி வந்து, துவைக்கிற கல்லின்மேல் தட்டை வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கறி போனாப் போகுதுங்க" என்றாள் கடைசியில். "அப்ப இந்தப் பத்தொம்பது வருசமா நீங்க சொன்னதெல்லாம்?"

"அது பொய்யில்ல செல்வம். கொழம்பு எறக்குறப்பவே, புளி ஒரு சுண்டு கூடிப்போச்சு, சீரகம் காந்திப்போச்சுன்னு நீயே சொல்லிருவ. அதுக்கு மேல நான் சொல்றதுக்கு என்ன இருந்துச்சு? நான் சாப்பிட மட்டும் செஞ்சேன்."

"இப்ப நான் சொல்ல முடியாதே."

"தெரியுது."

"நீங்கதான சொல்லணும்" என்றாள். அப்போதுதான் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் அவளைத் தனியாக விட்டுவிட்டு, தேற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஐந்தரைக்கு வந்த அந்தோணி அண்ணன் மூடியைத் தூக்கியதுமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தைல மரத்துலயா பொகை போட்டீக! அது தண்ணி காயவைக்கத்தான் ஆகும். ஏம்மா செல்வம், ஒனக்குமா தெரியல?"

"சளி பிடிச்சிருக்கு" என்று நான் முந்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளித் தோட்டத்தில் போன வருடம் வெட்டிக் காயவைத்திருந்த பேரிக்காய் மரக் கிளைகளில் ஒரு கட்டு கேட்டு வாங்கி வந்தார் அண்ணன். மூன்று கிலோ முன்னந்தொடைக் கறிக்குச் செல்வம் மசாலா தடவினாள். என்னிடம் ஒன்று மட்டும் சொன்னாள்: "நாளைக்கு நல்லாருக்கு, நல்லா இல்லங்குற பேச்சே வேணாம். மூக்குல என்ன வருதோ அதச் சொல்லுங்க."

சனிக்கிழமை ஐந்து மணி. மலையெல்லாம் பனிமூட்டம்; வட்டக்கானல் பக்கமிருந்து கிளம்பி வேலிவரை வந்து நின்றது. நெருப்பு பிடித்தது, வெள்ளையாகப் புகைந்தது. "ஈரச் சாக்கக் கொளுத்துனாப்புல இருக்கு" என்றேன். "அப்ப கறிய வைக்கக் கூடாது. கசந்துரும். தெளியட்டும்" என்றாள்.

ஏழு மணி. "பூண்டு காட்டமா கெடக்கு. பச்சப் பூண்டு." அவள் தலையாட்டினாள். "இருக்கட்டும். இன்னும் உள்ள எறங்கல."

ஒன்பது மணி. வெயில் வந்தது. வெல்லம் காய்ச்சும் கொட்டகைப் பக்கம் போனது போல இருக்கிறது என்றேன். "சர்க்கர உருகுது. காத்துவழிய அடைங்க, தீ கூடிப்போச்சு" என்று எழுந்தே விட்டாள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

பதினொன்றரை மணி. மூடியைத் தூக்கினேன். வந்த வாசனைக்கு என்னிடம் வார்த்தை இல்லை. செல்வம் காத்திருந்தாள். நான் திணறினேன். சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது.

"கல்யாணமான புதுசுல, தாடிக்கொம்பு ரோட்டு வீட்டுல, நீ மொதமொதலா பன்னிக்கறி வறுத்தியே, மழை பேஞ்சுக்கிட்டு இருந்துச்சே. அந்த வாசனை."

"அன்னிக்கு அடிப்பிடிச்சுருச்சேங்க!"

"லேசாத்தான். அந்த லேசு இப்பவும் இருக்கு."

"அட, எறக்குங்க மொதல்ல!" என்று கத்தினாள். இரண்டு பேருமாகக் கறியைத் தட்டுக்கு மாற்றினோம். அந்தப் பரபரப்பில், உப்பும் மிளகும் கலந்த பொடியை மேலே இன்னொரு கை அள்ளித் தூவினாள்.

மைதானத்தில் பதினோரு மேசைகள். ஆட்டுத்தொடை, கோழி, முயல் என்று தினுசு தினுசாக. நடுவர்கள் மூன்று பேர். அதில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், வயதானவர், எங்கள் துண்டை நிதானமாக மென்றுவிட்டு, "சரியான பக்குவத்துல எறக்கியிருக்கீங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

செல்வம் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் அக்கா நிற்பதையும் பார்த்தாள். "எனக்கு வாசனையே தெரியாதுங்கம்மா. காய்ச்சல்ல போயி ஆறு மாசமாச்சு. இவுக மோந்து சொன்னாக, நான் செஞ்சேன்" என்றாள்.

ஸ்டெல்லா அக்கா அவள் கையைப் பிடித்து மேசைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "ஏண்டி, எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா ஒனக்கு?"

"சொன்னா நீ அழுவ."

"இப்ப மட்டும் சிரிக்கிறேனாக்கும்!" என்று அக்கா மூக்கை உறிஞ்சினார். அந்தோணி அண்ணன் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிசு மூன்று, எங்களுக்குக் கிடைத்தது நான்காம் இடம். ஆட்டுத்தொடைக்காரர் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டார். மதிப்பெண் சீட்டை எங்கள் கையில் கொடுத்தார்கள். பக்குவம், பத்துக்கு எட்டு. வாசனை, பத்துக்கு ஒன்பது. உப்பு, பத்துக்கு மூன்று.

செல்வம் இரண்டு தடவை படித்தாள். நாக்குப் பொறுப்பு அவளுடையது, மூக்குப் பொறுப்பு என்னுடையது. "மூக்கு பாஸு, நாக்கு பெயிலு" என்று சொல்லி அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! எனக்கு அந்தக் கோப்பை கிடைத்திருந்தால்கூட இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினொன்றரை வண்டி. இறங்குகிற வழியெல்லாம் நான் மூக்கால் பார்த்துக்கொண்டே வந்தேன். பெருமாள்மலையில் தைலம், ஊத்தில் காப்பித்தோட்டத்து ஈரம், காட்ரோட்டில் சூடான தார், மாம்பழம், ஆட்டுக்கிடை. மலைமேல் வாசனைகளெல்லாம் குளிரில் ஒடுங்கி ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் சமவெளியில் எல்லாம் ஒரே சமயத்தில் மேலே வந்து விழுகின்றன. இத்தனை வருடம் இதற்குள் இருந்துகொண்டு நான் எதைத்தான் முகர்ந்தேனோ.

இரண்டரை மணி, வத்தலக்குண்டு. வண்டி கால் மணி நேரம் நிற்கும் என்றார்கள். செல்வம் விறுவிறுவென்று இறங்கி, நிலையத்து வாசலில் கீரை வைத்திருந்த கூடைக்காரியிடம் போனாள். ஒரு கட்டுக் கொத்தமல்லியை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"சொல்லுங்க."

"ஐய, தழைக்கெல்லாம் பரீட்சையா வைக்கிறீக?" என்றாள் கூடைக்காரி.

சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "மேல மணக்குது. வேர்ப்பக்கம் லேசா அழுகல் வாடை. நேத்துப் பறிச்சது" என்றேன்.

கூடைக்காரி ஈரச் சாக்குக்கு அடியில் கையை விட்டு இன்னொரு கட்டை எடுத்தாள். அதை வாங்கி நீட்டினாள் செல்வம். முகர்ந்தேன். "இது காலையில பறிச்சது. ரசத்த எறக்கி வச்சு நீ கிள்ளிப் போடுவியே, அது."

அவள் ஒரு கணம் அந்தத் தழையைத் தன் முகத்தருகே கொண்டுபோனாள். பிறகு பையில் போட்டுக்கொண்டாள்.

"இதே மாதிரி இன்னொரு கட்டும் குடு தாயி" என்று கூடைக்காரியிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு வெள்ளனே போயி, சமையலுக்குப் பேசி வச்ச அந்த அம்மாவ வர வேணாம்னு சொல்லிட்டு வந்துருங்க."