ஓட்டைக் கட்டிலில் கிடந்தபோது

அன்பானவர்களே, இதை உங்கள் முன்னால் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டவர் செய்ததை மூடி மறைக்க எனக்கு உரிமை இல்லை.

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். பாகூர்ப் பக்கம் காலரா பரவியது. ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கி, நர்ஸ் என்று என்னை மட்டும் போட்டார்கள். கூட்டிப் பெருக்க வந்த பெண் பயந்து வேலையை விட்டு நின்றுவிட்டாள். நான் குடியிருந்த வீட்டில் என்னை உள்ளே விடவில்லை. ஊசி, மருந்து, வாளி எல்லாம் நானேதான்.

காலராக்காரர்களுக்கென்று ஒரு கட்டில் உண்டு. கித்தான் துணியின் நடுவில் ஓட்டை, அடியில் வாளி. மணப்பட்டிலிருந்து வந்த மீன்காரி அஞ்சலை அதில் படுக்க மாட்டேன் என்று அழுதாள்.

"ஆம்பளைங்க இருக்கற எடத்துல எப்டி சிஸ்டர்?"

"உசுரு பெருசா, வெக்கம் பெருசா? படு" என்று அதட்டினேன். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றியதும் பிழைத்துக்கொண்டாள்.

அவள் எழுந்து உட்காரத் தொடங்கிய அன்று மத்தியானம், எனக்கே காலரா கண்டுவிட்டது. வாளியோடு போகும்போதே விழுந்தேன். வெள்ளைச் சேலையெல்லாம் நனைந்துபோயிற்று. வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. உயிர் போகிறதே என்ற பயத்தைவிட அந்த வெட்கம்தான் தாங்கவில்லை. தரையில் கிடந்தே அழுதேன்: "ஆண்டவரே, ஒரு பெண்ணை அனுப்பும். என்னைத் தெரியாதவளாக அனுப்பும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவள் அஞ்சலை. "கிட்ட வராத, போயிடு" என்று முகத்தை மூடிக்கொண்டேன்.

"இன்னா சிஸ்டர், எனுக்கு மட்டுந்தான் உசுரு பெருசா?" என்றாள்.

நடக்கவே தெம்பில்லாதவள் என்னைக் கழுவினாள். இன்னொரு பெண்ணின் துணையோடு ஓட்டைக் கட்டிலில் தூக்கிப் படுக்கவைத்தாள். பிறகு தன் மாற்றுச் சேலையை ஜன்னல் கம்பியிலிருந்து தூண் வரைக்கும் இழுத்துக் கட்டி, என்னை மறைத்தாள். அத்தனை பெண்களை அந்தக் கட்டிலில் கிடத்திய எனக்கு, அப்படி ஒரு மறைப்புக் கட்ட ஒருநாளும் தோன்றவில்லை. அந்தச் சேலைக்குப் பின்னால் நான் அழுத அழுகை வலியால் அல்ல.

ஆள் போய் டாக்டரைக் கூட்டிவரும்வரை, நான் கலக்கி வைத்திருந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரை அவள் எனக்கு ஊட்டிக்கொண்டே இருந்தாள். "இது உள்ள போகலன்னா ஊசி போட நரம்பே கெடச்சிருக்காதும்மா" என்றார் டாக்டர்.

ஆண்டவர் கிருபையால் பிழைத்தேன். ஓய்வு பெறும்வரை எந்த வார்டுக்குப் போனாலும், முதலில் ஒரு மறைப்புக் கட்டிவிட்டுத்தான் நோயாளியின் துணியில் கை வைப்பேன்.

ஆபத்தில் இருப்பவர்களே, கூச்சப்படாமல் அவரைக் கூப்பிடுங்கள், நிச்சயம் ஆள் அனுப்புவார். இன்னார்தான் வரவேண்டும் என்று மட்டும் என்னைப்போல் கேட்காதீர்கள்.