உதவிக்கு ஆள் இல்லாத சகோதரி

தையல்காரியின் வீட்டில் இரண்டே அறைகள். முன்னறையில் தையல் மெஷினும் பள்ளிச் சீருடைக் குவியலும், உள்ளறையில் புருஷன். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஆள், பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து ஒன்பது மாதம். பேச்சுதான் குழறும், புத்தியில் ஒரு குறையும் இல்லை. இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் எலும்பு வரைக்கும் போய்விடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். எண்பது கிலோ உடம்பை அந்த ஒல்லிப்பிச்சான் எங்கே புரட்டுவது? பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்கத் தோல் உரிந்தது. சீழ் வாடை மூக்கிலேயே குடியேறி, சாப்பிட உட்கார்ந்தால் குமட்டியது.

ஆகவே ஜெபித்தாள். ஞாயிறுதோறும் சபையின் விண்ணப்பப் பெட்டியில் ஒரே மாதிரி சீட்டு. போதகர் உருக்கமாக வாசிப்பார்: "படுக்கையில் கிடக்கும் கணவரைத் தனியாளாகப் பராமரித்து, உதவிக்கு ஆள் இல்லாமல் தவிக்கும் நம் சகோதரிக்காக ஜெபிப்போம்." முன்வரிசை நாலு பெஞ்சும் 'உச்' கொட்டும். வெளியே வரும்போது பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பொறுமை யாருக்கு வரும்!" என்பார்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேனே, அந்த 'உச்' அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பத்தாம் மாதம் ஆள் வந்தது. வந்தவன் கொழுந்தன். இறைச்சிக்கூடத்தில் வெட்டுவேலை, வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, சபைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன்.

"விடியக்காலை வேலை அண்ணி, ஒம்பது மணிக்கு முடிஞ்சிடும். அப்புறம் ராத்திரி வரைக்கும் அண்ணனை நான் பாத்துக்கறேன். நீங்க தையலைப் பாருங்க."

ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்தான். "அண்ணே, மூச்சை இழுத்துப் பிடி" என்றான். விரிப்பு கசங்கவில்லை, ஆள் திரும்பிவிட்டான். கொக்கியில் தொங்கும் முழு உடம்புகளை இருபது வருஷமாகத் தூக்கி இறக்கிய கை அல்லவா! புண்ணைக் கழுவும்போது முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. மூன்றே வாரத்தில் ஓரமெல்லாம் சிவந்து புதுச்சதை பிடித்தது. தம்பி அடித்த ஜோக்குக்கு அண்ணன் அரைவாயால் சிரித்தான்.

அவளுக்கு வயிறு எரிந்தது. ஆண்டவரிடம் கேட்டது என்ன, அவர் அனுப்பியிருப்பது என்ன? பைபிளும் கையுமாக ஒரு நல்ல மனுஷி வருவாள் என்று பார்த்தால், நகக்கண்ணில் ரத்தம் உறைந்த தடியன்! சீ! அவன் தொட்ட கதவு, கட்டில், வாளி எல்லாவற்றையும் பினாயில் போட்டுத் துடைத்தாள்.

"கையைக் கழுவினியா?"

"மூணு தரம் கழுவிட்டேன் அண்ணி."

"கறி வாடை போகலையே."

அது புண்ணின் வாடை என்று அவளுக்குத் தெரியும். உள்ளே படுத்திருந்தவனுக்கும் தெரியும். கொழுந்தன் மட்டும் போய் நாலாவது தரம் சோப்புப் போட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன்தான் அவனைச் சபைக்கு அனுப்பினான். "எனக்குப் பதிலா... நீ போய் ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டு வாடா." சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தான். அவன் வந்ததை அவள் பார்த்தாள். பெட்டியில் அன்றும் அதே சீட்டைத்தான் போட்டிருந்தாள்.

"உதவிக்கு ஆள் இல்லாமல் தவிக்கும் நம் சகோதரிக்காக..."

'உச்.' யாருக்கோ என்று முதலில் அவனும் கண்ணை மூடித் தலைகுனிந்தான். போதகர் ஜெபத்தில் கணவரின் பக்கவாதத்தைச் சொன்னதும் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மகராசி! அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

திங்கட்கிழமை ஒன்பது மணி தாண்டியது. செவ்வாயும் வரவில்லை.

"தம்பி...?" என்று கேட்டான் புருஷன்.

"அவனுக்கு என்ன வேலையோ!" என்றபடி தானே பிடித்து இழுத்தாள். கூடிவந்த புண் கிழிந்தது. புருஷன் அலறினான். துணியை வைத்து அழுத்தினாள். ரத்தம் நிற்காமல் விரலிடுக்கில் வழிந்தது. கட்டிலோரமாக முழங்காலில் விழுந்தாள்.

"ஆண்டவரே, யாரையாவது அனுப்பும், யாரையாவது..."

நல்ல கையால் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாம். ஜெபம்... பண்ணாதே."

"ஏங்க அப்படிச் சொல்றீங்க?"

"அவர் அனுப்பிடுவார்." மூச்சு வாங்கிக்கொண்டான். "நீ... வெரட்டிடுவே."

தொடங்கிய ஜெபத்துக்கு ஆமென் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. 'சீ' என்றுதான் வந்தது, அதுவும் தன்னைப் பார்த்தே.