மீட்டர் கண்ணாடியில் ஒரு பொட்டு

அந்தச் சனிக்கிழமை மாலை நாலு பத்துக்கு எங்கள் காருக்குள் வெல்லப்பாகு வாசனை வந்தது. எல்லாம் கோணலாகத் தொடங்கியது அப்போதுதான். நேரம் இவ்வளவு சரியாக மனதில் நிற்பதற்குக் காரணம் என் ஞாபகசக்தி அல்ல. அந்தக் காரில் பழுதில்லாமல் ஓடிய ஒரே பொருள் கடிகாரம். அதனால் அதைக் கொஞ்சம் பெருமையோடு அடிக்கடி பார்த்துக்கொள்வேன்.

இதெல்லாம் இப்போது ஏன் கிளம்பியது என்றால், போன வாரம் என் மகள் காலேஜுக்குப் போய்வர ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கி வந்தாள். வாசலில் நிறுத்தினோம். என் மனைவி சந்தனக் கிண்ணமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்தாள். "ம்மா, மீட்டர் பக்கம் மட்டும் வேணாம்மா" என்றாள் மகள். மூன்று பேரும் சிரித்தோம். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அவள் எட்டாவது படிக்கும்வரை எங்களிடம் ஒரு மொபெட்தான் இருந்தது. முன்னால் அவள் நிற்பாள், கண்ணாடிக் கம்பியைப் பிடித்தபடி. பின்னால் மனைவி, மடியில் பை. சின்னக் குழந்தையாக நின்றவள் வளர்ந்துகொண்டே போனதில், ஒரு கட்டத்தில் அவள் தலைக்கு மேல் எட்டிப் பார்த்துத்தான் நான் வண்டி ஓட்டவேண்டியிருந்தது. எதிரே வருகிறவர்களுக்கு, தானே ஓடி வருகிற மொபெட்டைப் போல இருந்திருக்கும். மழை வந்தால் அவள்தான் முதலில் நனைவாள், நான் கடைசியில். அப்பன் என்கிற பதவியில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அது.

பிறகு அவள் பள்ளிக்கூடப் படியில் விழுந்தாள். தொடைவரை மாவுக்கட்டு. சேலத்தில் ஒரு மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்பப் போகவேண்டும். நீட்டிய காலோடு பஸ்ஸில் ஏற்ற முடியாது. அப்படித்தான் தருமபுரி பைபாஸ் ஓரம் கொட்டகை போட்டிருந்த ஒரு கார் கன்சல்டிங்குக்குப் போனோம். எங்கள் பக்கம் பழைய கார் விற்கிற இடத்துக்கு அதுதான் பெயர். யார் யாரைக் கலந்தாலோசிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அங்கே நின்ற கார்களில் பாதிக்கு மேல் டாக்டர்கள் ஓட்டியவை. மீதி, பேங்க் மேனேஜர்கள் ஓட்டியவை. எங்கள் மாவட்டத்தில் இத்தனை டாக்டர்கள் இருந்தால் நான் ஏன் மாவுக்கட்டுக்குச் சேலம்வரை போகிறேன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"டாக்டர் வெச்சிருந்த வண்டிங்க சார். ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போவ மட்டுந்தான் எடுப்பாருங்க" என்றார் கன்சல்டிங்காரர். வெள்ளைச் சட்டை, நல்ல சிரிப்பு.

நான் பரிசோதனை செய்தேன். டயரை ஒரு உதை உதைத்தேன். ஹாரன் அடித்தேன். அவர் பானெட்டைத் திறந்து காட்டியபோது, அடுத்தவர் வீட்டுச் சமையலறையைப் பார்ப்பதுபோல மரியாதையாக எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். என் மனைவி பின் சீட்டில் உட்கார்ந்து மூக்கைச் சுளித்தாள்.

"ஏங்க, கொழந்த பால் கக்குன வாசம் வருதுங்க."

"கழுவிக் குடுத்தர்றேங்க்கா."

அவள் சீட்டைத் தடவிப் பார்த்தாள். "வேணாங்க, இருக்கட்டும். கொழந்த வளந்த வண்டிதான."

அந்த ஒரு சொல்லில் பேரம் முடிந்துவிட்டது என்று கன்சல்டிங்காரருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. சமதளமான பைபாஸில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். பல்லக்குபோல் போனது.

வண்டி எடுக்கிற அன்று பூஜை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். மனைவி பொட்டு வைக்கத் தொடங்கினாள். பானெட், ஸ்டியரிங், கியர், கண்ணாடி, சீட் பெல்ட்டின் கொக்கிவரை விடவில்லை. மீட்டர் கண்ணாடியில் ஒரு மூலையில் சந்தனத்தைக் கனமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். எங்கள் வீடுகளில் பூஜைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை. தானாக உதிரவேண்டும். பீரோ, மிக்ஸி, தையல் மிஷின் எல்லாவற்றிலும் அப்படித்தான். வெயிலில் நின்ற காரில் அந்தச் சந்தனம் உதிரவில்லை. காய்ந்து, சிமென்ட் பூச்சுபோல் இறுகிவிட்டது.

சரி, நாலு பத்துக்கு வருகிறேன்.

சேலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். தொப்பூர் ஏற்றம். ஏசி ஓடியது. மகள் பின் சீட்டில் குறுக்காகக் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள்.

"அப்பா, இங்க எங்கியோ வெல்லம் காச்சறாங்க."

"ஆமா, ஆல ஓட்டறாங்க போல" என்றாள் மனைவி. "செவ்வாக்கெழம காரிமங்கலம் சந்தையில அச்சு வெல்லம் வாங்கணும். ஞாபகப்படுத்துங்க."

நானும் மூச்சை நன்றாக இழுத்து ரசித்தேன். ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் கொதித்து ஒழுகினால் இனிப்பாக மணக்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது. நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். நாங்கள் மூன்று பேரும் வெல்லத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே எஞ்சினை வேகவைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வளைவில் பானெட்டிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. வண்டி குலுங்கி நின்றது. நின்றது என்றா சொன்னேன்? பின்னோக்கி நகர்ந்தது. பிரேக்கை மிதித்தேன், கல்லை மிதிப்பதுபோல் இருந்தது. முழு பலத்தையும் கொடுத்த பிறகுதான் பிடித்தது. கைப்பிரேக்கை இழுத்தேன். அது முழுசாக மேலே வந்தது, எந்த எதிர்ப்பும் இல்லாமல், கழன்ற பல்போல. காலை லேசாகத் தளர்த்தினால் கார் நகர்ந்தது. கியரில் போட்டிருந்தால் நின்றிருக்கும் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மூன்று பேரும் மூன்று விதமாக மாட்டிக்கொண்டோம். என்னால் காலை எடுக்க முடியாது. மகளால் தானாக இறங்க முடியாது. மனைவியால் அவளைத் தனியாகத் தூக்க முடியாது. கண்ணாடியில் லாரிகள் வளைவில் திரும்புவது தெரிந்தது. ஒவ்வொன்றும் கடைசி நேரத்தில் ஹாரனை அலறவிட்டு விலகிப் போனது. விலகும்போது கார் முழுதும் ஆடியது.

"கல்லு கெடைக்குமான்னு பாக்கறேங்க" என்று மனைவி இறங்கி ஓடினாள். தேங்காய் அளவில் ஒரு கல்லைக் கொண்டுவந்து பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். நான் காலைத் தளர்த்தினேன். சக்கரம் அதைத் தள்ளிவிட்டு மேலும் ஒரு முழம் பின்னால் போனது.  

மனைவி ஜன்னலோரம் நின்று கன்சல்டிங்காரருக்குப் போன் போட்டு என் காதில் வைத்தாள்.

"மலைல ஏசி போட்டா ஏத்துனீங்க சார்? நம்ம கொட்டாயில நிக்கறவரைக்கும் ஒரு கம்ப்ளெய்ன்ட்டும் இல்லீங்களே. ஆள அனுப்பறேங்க."

கொட்டகையில் நிற்கும்வரை எந்தக் காருக்குத்தான் கம்ப்ளெய்ன்ட் வரும்? அவர் அனுப்பிய ஆள் இன்னும் வந்து சேரவில்லை.

என் தொடை நடுங்கத் தொடங்கியது. அது மகளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். இரண்டு சீட்டுக்கும் நடுவில் எக்கி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால், என்ன செய்வதென்று தெரியாமல், மீட்டர் கண்ணாடியில் இருந்த பொட்டை நகத்தால் சுரண்டினாள். சந்தனம் பொருக்குப் பொருக்காக விழுந்தது.

"அப்பா, இதுக்குள்ள ஒரு செவப்பு லைட்டு எரியுது."

சூடேறினால் எச்சரிக்கிற விளக்கு. மலை அடிவாரத்திலிருந்தே எரிந்திருக்கலாம். மனைவி வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கார் இப்போது எங்களிடம் இல்லை. அதற்கு முந்தைய மொபெட்டும் இல்லை. என் தலையை மறைத்துக்கொண்டு நின்ற பெண் இன்று தனியாக ஸ்கூட்டரில் போகிறாள். வெல்ல வாசனைகூட எனக்கு வெல்ல வாசனையாக இல்லை. யாருடைய காரில் உட்கார்ந்தாலும், முன்னால் பிரேக் இருக்கிறதோ இல்லையோ, என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வருகிறது. அன்று அந்த வளைவில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று மட்டும் தெரியாது. கடிகாரம் கண்ணெதிரே ஓடியது, நான் பார்க்கவில்லை.

வந்தது போலீஸ் இல்லை, மெக்கானிக் இல்லை. ஒரு மொபெட். ஓட்டியவருக்கு என் அப்போதைய வயதை விடக் குறைவாக இருக்கும். பின்னால் மனைவி, மடியில் பை. முன்னால் கண்ணாடிக் கம்பியைப் பிடித்தபடி ஒரு சிறுமி. எங்களைத் தாண்டிப் போய், ஓரமாக நிறுத்தினார்கள். அவர் மனைவி இறங்கி வந்து என் மனைவியின் கையைப் பிடித்தாள். ஓட்டியவர் சரிவில் இறங்கி நடந்து, ஏதோ லாரிக்காரர்கள் முட்டுக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பெரிய கல்லை, வயிற்றோடு அணைத்துத் தூக்கி வந்தார். பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது. பிறகு ஜன்னலுக்கு வந்து குனிந்தார். அவர் சட்டையெல்லாம் மண்.

நான் அவரைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே கையை நீட்டி, என் முழங்காலில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.

"கல்லு வெச்சாச்சுங்க சார். கால எடுங்க."